அடிபிடித்த வாக்கியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பவ்லினாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ இருநூற்றெண்பது பக்கம்.

பக்கங்களில் அவளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வியன்னாவில் ஒரு பிரபுவின் விதவை, அவளுக்கு ஒரு வயலின்காரன் மேல் ஆசை, நடுவில் ஒரு மோதிரம் காணாமல் போகிறது. பவ்லினா வியன்னாவைக் கண்ணால் கண்டதில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள் எங்கே போய்ப் பார்ப்பாள்? அந்த ஊருக்குப் போகிற கவர்களைத் தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டாள். ஆரம்பம்தான் அமைய மாட்டேன் என்றது.

வர்தார் ஆற்றை ஒட்டிய அந்தச் சிற்றூருக்கு 'ஆற்றங்கரை' என்று ஒரு வாரப் பத்திரிகை உண்டு. அதன் ஆசிரியர் போகோயா, கடைசிப் பக்கத்தில் ஒரு வருஷத்துக்குத் தொடர்கதை போடப் போவதாக அறிவித்திருந்தார். அவருக்கு ஒரு வினோதமான வழக்கம். எழுத்துப் பிரதியை வாங்கவே மாட்டார். போன் செய்து முதல் வாக்கியத்தை மட்டும் வாசிக்க வேண்டும். கேட்டுவிட்டு "சரிம்மா" என்றால் சரியில்லை என்று அர்த்தம். "அப்புறம்?" என்று கேட்டால்தான் பக்கம் நமக்கு.

பவ்லினா இதுவரை நான்கு வாக்கியம் வாசித்து நான்கு "சரிம்மா" வாங்கியிருந்தாள்.

"நீ வாசகனுக்கு நாற்காலி எடுத்துப் போடறே, தண்ணி குடுக்கறே, வானம் எப்படி இருக்குன்னு விசாரிக்கறே," என்று நான்காவது தடவை மட்டும் கொஞ்சம் மனமிரங்கிப் பேசினார். "அதுக்குள்ள அவன் எந்திரிச்சு அடுத்த பக்கம் போயிடறான். சட்டையப் பிடிச்சு இழுக்கணும்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிப் பாரு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் பக்கத்த மூடறேன். வரலைன்னா அந்த இடத்துல ராசிபலன்."

ராசிபலன்! ஆறு வருஷ உழைப்பு மேஷத்துக்கும் ரிஷபத்துக்கும் பலியாகப் போகிறது ! தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற முகம் என்றுதான் ஊருக்கு அவளைத் தெரியும். அந்தக் கடைசிப் பக்கத்தில் தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் அவள் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அப்படியென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறன்று முசுக்கட்டைத் தெருவில் அது நடக்குமா? அன்றைக்கு அய்வார் என்கிற குடமிளகாய் விழுது போடும் நாள். தெருவின் மொத்தக் குளிர்காலத்துக்குமான ஜாடிகள் வாங்கெலியாவின் முற்றத்தில்தான் நிரம்பும். குடமிளகாய் உரிக்க வராதவளுக்கு ஒன்று உடம்பு சரியில்லை, அல்லது இந்தத் தெருவோடு சண்டை. உடம்பு சரியில்லாதவர்கள்கூட நாற்காலி போட்டுக்கொண்டு வந்து உரிப்பார்கள்.

எனவே மத்தியானம் மூன்று மணிக்கு, மணிக்கட்டு வரை சிவப்புச் சாறு வழிய, பவ்லினா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வாங்கெலியாவின் கணவர் ட்ராய்ச்சே, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தகரத்தின் மேல் குடமிளகாய்களைப் போட்டு இடுக்கியால் புரட்டிக்கொண்டிருந்தார். தோல் கருகி வெடித்தவை பானைக்குள் போய் மூடிபோட்டு வேர்த்து, சுடச்சுட மடிக்கு வரும். விரலைச் சுட்டுக்கொண்டு தோலை உரிக்க வேண்டும். பவ்லினாவுக்குப் பக்கத்தில் தாஃபினா. தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். இன்னும் நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தின் நடுவில், முந்தின நாள் உரித்து வடியவிட்டு அரைத்த விழுது, அகன்ற சட்டியில் எண்ணெயோடு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் மரத்துடுப்போடு வாங்கெலியா. அய்வாரைக் கிண்டுகிற கை நிற்கக் கூடாது. நிமிஷ நேரம் நின்றாலும் அடிபிடித்துவிடும். வாங்கெலியாவின் கை நின்றதாகச் சரித்திரமே இல்லை.

"போன வருஷம் கொட்டகைக் கூரை பின்னாடி சரிஞ்சு விழுந்துச்சு, நான் நிறுத்தலையே," என்பாள். "மருமக போன் பண்ணி வயித்துல ரெட்டைக் குழந்தைன்னா. சந்தோஷம்டியம்மான்னேன். கிண்டிட்டேதான் இருந்தேன்."

பவ்லினாவின் வாக்கியப் பிரச்சினை தெருவுக்கே தெரியும். தாஃபினாவிடம் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரிதான்.

"அம்மாடி, அஞ்சு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு," என்று தாஃபினா விலாவில் இடித்தாள். "சொல்லு, என்ன வச்சிருக்கே?"

"ஒண்ணும் சரியா வரலை."

"எங்ககிட்ட சொல்லிப் பாரு," என்றார் ட்ராய்ச்சே, இடுக்கியை ஆட்டி. "எங்க கை நின்னா நல்ல வாக்கியம். நிக்கலைன்னா நீ வாய மூடிட்டு உரி. இதைவிட நல்ல பரீட்சை உனக்கு எங்க கிடைக்கும்?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பவ்லினா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறு வருஷமாக மனப்பாடமாகியிருந்ததைச் சொன்னாள்.

"இலையுதிர்காலத்தின் பொன்னிறக் கதிர்கள் வியன்னா நகரத்துக் கூரைகளின் மீது மெல்லப் படர்ந்துகொண்டிருந்தன."

ஒரு கை நிற்கவில்லை. தோல்கள் பாட்டுக்கு வாளியில் விழுந்தன.

"மழை வருமா வராதா, அத மட்டும் சொல்லு," என்றாள் வாங்கெலியா, துடுப்பைச் சுழற்றியபடி. "மாடியில துணி காயுது."

"வாங்கெலியாக்கா, இது கதை!"

"கதையா? நான் வானிலை அறிக்கைன்னுல்ல நினைச்சேன்."

"ஒரு பிணத்தப் போடுடி," என்றாள் தாஃபினா. "பிணம் இருந்தா எவளும் எந்திரிச்சுப் போக மாட்டா. என் கடையிலயே பாரு, யாராவது செத்த கதைய ஆரம்பிச்சா முடி வெட்டி முடிச்சவகூட உக்காந்திருக்கா."

பவ்லினா யோசித்தாள். "பிரபுவின் கட்டிலில் ஒரு பிணம் கிடந்தது."

"யாரோட பிணம்?" என்றார் ட்ராய்ச்சே.

"அது இன்னும் முடிவு பண்ணல."

"அட போம்மா. தெரியாதவன் செத்தா நமக்கென்ன? நான் பாவம்பேன், அடுத்த மிளகாயப் புரட்டுவேன். ரயில வை. ரயில்னா ஜனங்க நிமிந்து பாக்கும். 'ஒன்பது நாப்பத்திரண்டுக்கு வர வேண்டிய ரயில் அன்று வரவில்லை.' எப்படி?"

"அது என்னிக்கு மாமா வந்திருக்கு?" என்றாள் தாஃபினா. முற்றமே சிரித்தது. சிரிப்பிலும் கைகள் நிற்கவில்லை.

பவ்லினா விடவில்லை. கேள்வியில் ஆரம்பித்தால் வாசகன் பதிலுக்காகக் காத்திருப்பான் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். "காதல் என்றால் என்ன?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"என்னைக் கேட்டா?" என்றாள் வாங்கெலியா. "நாப்பது வருஷமா இந்த மனுஷனோட குடும்பம் நடத்தறேன், எனக்கே இன்னும் தெரியலை."

ட்ராய்ச்சே இடுக்கியால் வானத்தைக் காட்டிக் கும்பிட்டார். மறுபடியும் சிரிப்பு. பவ்லினாவும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் அழுகை முட்டியது. மணி மூன்றே முக்கால். தான் எழுத லாயக்கில்லாதவள், முத்திரை குத்தத்தான் பிறந்தவள் என்று அவளுக்கு முழுசாகத் தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாங்கெலியா துடுப்பால் சட்டியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோட்டில் சட்டியின் அடி தெரிந்து, மெல்ல மூடிக்கொண்டது. பதம் நெருங்கிவிட்டது. இனி உப்பு.

"உப்புக் கிண்ணத்த எங்கிட்ட வைங்க," என்றாள் வாங்கெலியா. பிறகு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக் குரலை உயர்த்தினாள். "இந்த வருஷம் நானே போடறேன். சில பேரு மாதிரி போட்டது மறந்துபோயி ரெண்டாம் தடவை போட மாட்டேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மூடி டமார் என்று விழுந்தது.

அந்தப் பக்கம் இருப்பவள் ரிஸ்தானா, வாங்கெலியாவின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வந்தவர்கள். வேலி என்று பெயர்தானே தவிர அதில் இருந்த சின்னக் கதவுக்குக் கொக்கி போட்டதே கிடையாது. வாங்கெலியா கிண்டுவாள், ரிஸ்தானா உப்புப் போடுவாள். போட்டதும் கிண்ணத்தால் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். 'உப்புப் போட்டாச்சு, இனி யாரும் தொடாதீங்க' என்று அதற்கு அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடந்தது. போன வருஷம் அறுபது ஜாடி அய்வாரும் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. தெருவே குளிர்காலம் முழுக்க வெறும் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தின்றது. "உனக்கு வயசாயிடுச்சு, ரெண்டு தடவை போட்டுட்டே," என்று வாங்கெலியா எல்லார் முன்னாலும் சொன்னாள். "ஒரு தடவைதான் போட்டேன்," என்றாள் ரிஸ்தானா. அன்று கதவுக்குக் கொக்கி விழுந்தது. இந்த வருஷம் ரிஸ்தானா அந்தப் பக்கம் தனியாக ஒரு சின்னச் சட்டியில் கிண்டிக்கொண்டிருந்தாள்.

உப்புப் பேச்சு வந்ததும் பவ்லினா படுவேகமாக உரிக்க ஆரம்பித்தாள். இந்த ஒரு வருஷமாக உப்பு என்று யார் சொன்னாலும் அவள் அப்படித்தான், எதையாவது வேகமாகச் செய்வாள்.

"ரெண்டாம் தடவை போட்டுட்டு ஒத்துக்கவும் மாட்டாங்க சில பேரு!" வாங்கெலியா வேலிக்கு இன்னொரு வாக்கியத்தை அனுப்பினாள். "வெக்கமில்லாம நிமிந்து நடப்பாங்க!"

அந்தப் பக்கம் இந்தத் தடவை மூடிச் சத்தம்கூட வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

அது பவ்லினாவின் காதில் விழுந்தது. அவள் கையில் இருந்த குடமிளகாயைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வியன்னாதான் வந்திருக்கும்.

"போன வருஷம் அய்வார்ல ரெண்டாவது தடவை உப்பு போட்டது நான்தான்."

தாஃபினாவின் கையில் பாதி உரித்த குடமிளகாய் அப்படியே தொங்கியது. ட்ராய்ச்சேயின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. வரிசையில் இருந்த அத்தனை கைகளும் மடியில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டியில் துடுப்பு நின்றுவிட்டது. வாங்கெலியா அதைப் பிடித்தபடி பவ்லினாவையே பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

 ஆரம்பித்தாகிவிட்டது, நிறுத்த வழியில்லை.

"நீங்க ஜாடி கழுவ உள்ள போனீங்க, என்னைக் கிண்டச் சொன்னீங்க. ரிஸ்தானாக்கா உப்பு போட்டு ரெண்டு தட்டு தட்டியிருக்காங்க. எனக்குக் காதுல விழல. நான் அப்ப இங்க இல்லவே இல்ல. முதல் வாக்கியத்தைத் தேடிக்கிட்டு வியன்னாவுல இருந்தேன். பக்கத்துல உப்புக் கிண்ணம் இருந்துச்சு. கை பாட்டுக்கு அள்ளிப் போட்டுடுச்சு. மறுநாள் ஜாடியத் திறந்து ருசி பாத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. சொல்லலாம்னு ஓடி வந்தேன். அதுக்குள்ள நீங்க ரிஸ்தானாக்காவச் சொல்லிட்டீங்க, அவங்க கொக்கிய மாட்டிட்டாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு நாள் தள்ளிப் போட்டேன், ஒரு வாரம் ஆச்சு, ஒரு வருஷம் ஆயிடுச்சு."

 எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் மூக்கிலும் ஏறவில்லை.

ஒரே ஒரு மூக்கில் ஏறியது.

"அடிபிடிக்குதுடி!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல். "ஐயோ, எல்லாரும் செத்தா போயிட்டீங்க? கிண்டுங்கடி!"

கொக்கி தெறித்தது. ரிஸ்தானா, கண்ணீரும் குடமிளகாய்ச் சாறும் சேர்ந்து அப்பிய முகத்தோடு, ஒற்றைக் காலில் செருப்போடு ஓடி வந்தாள். ஓரகத்தியை இடுப்பால் ஓர் இடி இடித்துத் தள்ளினாள், துடுப்பைப் பிடுங்கினாள், அடிவரை விட்டுச் சுரண்டிக் கிண்டினாள். "விறக இழுங்க! என்ன பாத்துட்டு நிக்கறீங்க?" என்று ட்ராய்ச்சேயை அதட்டினாள். அவர் விழுந்தடித்துக்கொண்டு விறகை இழுத்தார்.

 பிறகு ரிஸ்தானா, கிண்டிக்கொண்டே, பவ்லினா பக்கம் திரும்பினாள்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. ஒருவேளை நாந்தான் ரெண்டு தடவை போட்டுட்டேனோன்னு. டாக்டர்கிட்ட போயி ஞாபகசக்திக்கு மாத்திரை வாங்கித் தின்னேன் தெரியுமா, ஒரு வருஷம்! அதையும் தினம் ஒருக்கா மறந்துபோயி ரெண்டாம் தடவை முழுங்கிடுவேனோன்னு பயந்துக்கிட்டே தின்னேன்!"

பவ்லினா உடைந்து அழுதாள். "மன்னிச்சுடுங்க அக்கா. நான் பெரிய கோழை."

"கோழையா?" வாங்கெலியாவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. வந்த குரல் தெருமுனை வரை கேட்டது. "அறுபது ஜாடியடி! அது போகட்டும். ஒரு வருஷமா இவகூடப் பேசாம நான் பைத்தியம் பிடிக்காத குறை. மருமகளுக்கு ரெட்டைக் குழந்தை பொறந்துச்சு, ஓடிப்போயி சொல்ல ஆள் இல்ல எனக்கு. வேலியப் பாத்து சொல்லிட்டு வந்தேன்!"

"கேட்டுச்சு," என்றாள் ரிஸ்தானா, சட்டியைப் பார்த்தபடி. "ரெண்டு ஜோடி காலுறை பின்னி வச்சிருக்கேன்."

 மன்னிப்புக் கேட்கிற வழக்கம் வாங்கெலியாவின் வம்சத்திலேயே கிடையாது. முற்றமே காத்திருந்தது. அவள் போய் உப்புக் கிண்ணத்தை எடுத்தாள். ஏப்ரனில் கிண்ணத்தின் அடியைத் துடைத்தாள். ஓரகத்தியின் முன்னால் நீட்டினாள்.

"நீயே போடு," என்றாள்.

ரிஸ்தானா துடுப்பை வாங்கெலியாவிடம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கினாள். அள்ளிப் போட்டாள். பிறகு சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி.

"உன் காதுல விழுந்துச்சா?" என்றாள் பவ்லினாவைப் பார்த்து.

"விழுந்துச்சுக்கா!"

"இன்னொரு தடவை தட்டட்டுமா?"

"வேணாம்!" என்று முற்றமே கத்தியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், தாஃபினா மூக்கைத் துடைத்து முகமெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டாள். ட்ராய்ச்சே உள்ளே போய்த் திராட்சைச் சாராயக் குப்பியோடு வந்தார். "மருந்துக்கு," என்றார். யாரும் எந்த நோய்க்கு என்று கேட்கவில்லை.

வாக்கியம் என்று ஒன்று இருப்பதையே பவ்லினா மறந்துவிட்டாள். ஐந்தடித்துப் பத்து நிமிஷத்தில் அவளுடைய ஏப்ரன் பையில் போன் அலறியது. கையெல்லாம் சாறு, தாஃபினாதான் எடுத்து அமுக்கி, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"என்னம்மா, பக்கத்த மூடப் போறேன்," என்றார் போகோயா. "வாக்கியம் இருக்கா, இல்ல ராசிபலனா?"

 வியன்னாக் கூரைகள் ஒரு கணம் பவ்லினாவின் மனசில் வந்து நின்றன. அவள் வாங்கெலியாவைப் பார்த்தாள், ரிஸ்தானாவைப் பார்த்தாள். இது தன்னுடைய வாக்கியம் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்காமல் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணாலேயே கேட்டாள்.

"என்னடி முழிக்கறே? சொல்லித் தொலை," என்றாள் வாங்கெலியா. ரிஸ்தானா தலையை ஆட்டினாள். "ஆனா எனக்கு வயசாயிடுச்சுன்னு இவ சொன்னத மட்டும் எழுதாத."

"அத முதல்ல எழுது," என்றாள் தாஃபினா.

பவ்லினா போனுக்கு அருகில் குனிந்தாள். "போன வருஷம் வாங்கெலியாவின் அய்வாரில் இரண்டாவது தடவை உப்புப் போட்டது நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு பேனா உருண்டு விழும் சத்தம். முற்றத்தில் யாரும் அசையவில்லை. துடுப்பு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, இந்தத் தடவை வாங்கெலியா விடவில்லை.

"அப்புறம்?" என்றார் போகோயா.

முற்றத்தில் எழுந்த கூச்சலில் அவர் அதற்கப்புறம் சொன்னது எதுவும் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கத்திக் கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வந்தது.

"இது வியன்னாவுலயாம்மா நடக்குது?"

"இல்ல சார். முசுக்கட்டைத் தெருவுல."

அன்றைக்கு நாற்பத்தெட்டு ஜாடி தேறியது. எல்லாவற்றிலும் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். முன்னெல்லாம் என்றால் வாங்கெலியா வெட்கப்பட்டுப் பின் அலமாரியில் ஒளித்திருப்பாள். இந்தத் தடவை ஜன்னலோரமாக வரிசையாக அடுக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம் வந்தது. மத்தியானத்துக்குள் தெருமுனைக் கடையில் பத்திரிகை தீர்ந்துபோய், தாஃபினாவின் கடையில் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார்கள். தபால் நிலையத்தில் முத்திரைக்கு நின்றவர்கள் கவரை நீட்டாமல், "மேல சொல்லும்மா, கொக்கி மாட்டினாங்களே, அப்புறம்?" என்று பவ்லினாவைக் குடைந்தார்கள்.

வாங்கெலியா ஒரு ஜாடியைத் துணியில் சுற்றி ஆசிரியருக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் போகோயா போன் செய்தார்.

"கதை பிரமாதம்மா. ஊரே பேசுது. ஆனா தப்பா எடுத்துக்காத," என்று தயங்கினார். "அந்த அய்வார்ல லேசா ஒரு தீய்ஞ்ச வாடை அடிக்குதே?"

"அது தீயாம இருந்திருந்தா, சார்," என்றாள் பவ்லினா, "நீங்க இந்த வாரம் ராசிபலன்தான் போட்டிருப்பீங்க."